அடங்கி வாழ்வது பிழைப்பா, பிழையா?

(இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மாரியம்மன் திருவிழாவில், கோயில் முன்றலில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'வாய் திறக்காமல் அடங்கி வாழ்வது பிழைப்பா, பிழையா?' 'பிழையே' என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா, அம்மாமாரே, அண்ணன்மாரே, குளிருக்குச் சால்வையைப் போத்திக்கிட்டு முன்வரிசையைப் பிடிச்சிருக்கிற தாத்தாமாரே, வணக்கம். எனக்கு 20 நிமிஷம். மாலை, பொன்னாடை எல்லாம் முன்னாடி பேசினவங்களோட தீர்ந்துபோச்சு. நேரா கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போயிருவோம்.

ஒரு சாக்குக் கதை. எந்தத் தோட்டம்னு கேட்காதீங்க. கேட்டா ஒவ்வொருத்தரும் "அது எங்க தோட்டம்தான்"னு சண்டைக்கு வருவீங்க.

பங்குனி மாசம். ஒரு வாரமா ஒரு சொட்டு மழை இல்ல. லயத்து வரிசை வீட்டுப் பீலியில தண்ணி நூல் மாதிரி ஒழுகுது. குடத்தை வச்சுட்டுப் போய், ரொட்டி சுட்டு, சம்பல் அரைச்சு முடிச்சிட்டு வந்து பார்த்தாலும் குடம் பாதிதான். அப்படி ஒரு வெயில் நாள்ல ஒரு அக்கா கொழுந்து எடுத்துக்கிட்டு வந்தா. காலை நிறுவைக்கு 8 கிலோ. கொப்பியில எழுதினது 6. மத்தியானம் 7 கிலோ. எழுதினது 5. சாயங்காலம் 8 கிலோ. எழுதினது 6. கூட்டிப் பாருங்க. தராசு முள்ளு காட்டினது 23. கொப்பியில ஏறினது 17. அந்தத் தோட்டத்துல ஒரு பேருக்கு 18 கிலோ. ஒரே ஒரு கிலோ குறைவு. அரைப்பேர்.

கொழும்புல இருந்து திருவிழாவுக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்றேன். பேர்னா ஒரு நாள் சம்பளம். கிலோ நிறைஞ்சா முழுப்பேர், குறைஞ்சா அரைப்பேர். காலையில 7 மணிக்கு மலை ஏறி, சாயங்காலம் நாலரைக்கு இறங்கினவ அரை மனுசி ஆயிடுறா. அம்மா அப்பா வச்ச பேரைப் பாதியா வெட்டிப் போடுற கணக்கு, நடுவர் ஐயா, நம்ம பேர் போடுற செக்ரோல்ல மட்டும்தான் இருக்கு.

அக்கா கேட்டா: "ஏங்கய்யா ஒவ்வொரு தடவையும் ரெண்டு ரெண்டு கிலோ கழிக்கிறீங்க?"

கணக்கப்பிள்ளை சொன்னார்: "சாக்குக்கும் தண்ணிக்கும்."

தண்ணிக்கு! பீலியில இல்லாத தண்ணி சாக்குல இருக்குதாம்! ஒரு வாரமா வானத்துல இல்ல, ஆத்துல இல்ல, குடத்துல இல்ல, இவ முதுகுல மட்டும் தொங்குதாம்! வரிசையில பின்னாடி நின்ன ஒருத்தி சொன்னா: "அப்ப நாளையில இருந்து நாங்க பீலிக்குப் போகல, சாக்கைப் பிழிஞ்சு சோறாக்கிக்கிறோம்." சொன்னா, ஆனா மெதுவா சொன்னா. பக்கத்துல நின்னவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அந்த 'மெதுவா'வைப் பத்தித்தான் இன்னைக்குப் பட்டிமன்றமே. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முன்னாடி நின்ன அக்கா கத்தல, அழல. கொழுந்தைக் கொட்டினா. வெறுஞ் சாக்கை ரெண்டு உதறு உதறினா. நாலா மடிச்சுத் தராசுக் கொக்கியில மாட்டினா. "ஐயா, இதை ஒருக்கா நிறுத்துப் பாருங்க."

வெறுஞ் சாக்கு! முள்ளு அரைக் கிலோவைத் தொடக்கூட இல்ல. 400 கிராம்.

கைதட்டாதீங்க, நேரம் போகுது. கணக்கைப் பாருங்க. மூணு நிறுவைக்கு மூணு 400. மொத்தம் 1 கிலோ 200 கிராம். 23ல அதைக் கழிச்சா 21 கிலோ 800. எழுதினது 17. போனது 4 கிலோ 800 கிராம். 2024 செப்டெம்பர் வர்த்தமானி சொன்ன 1350 ரூபாயையே வச்சுக்குவோம். அரைப்பேர்னா 675 ரூபா கைக்கு வரல. அதோட முடிஞ்சுதா? சட்டப்படி தோட்டம் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம் போடணும். 675க்கு அது 81 ரூபா. நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். அது 20 ரூபா 25 சதம். மாசத்துல 10 அரைப்பேர் விழுந்தா, வயசான காலத்துக்குச் சேர வேண்டிய காசுல மட்டும் 1000 ரூபாய்க்கு மேல ஓட்டை. அந்த ஓட்டை நிதிக் காசை எடுக்கப் போறப்பதான் கண்ணுக்குத் தெரியும். அப்பத் தைக்க முடியாது.

இன்னொரு கணக்கு. ஒரு கங்காணிக்குக் கீழ 40 பேர்னு வச்சுக்குங்க. எல்லாருக்கும் இதே கழிவு. 40ஐ 4 கிலோ 800 கிராமால பெருக்குங்க. 192 கிலோ பச்சைக் கொழுந்து. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. யார் பேர்லயும் ஏறாம, யார் கணக்குலயும் இல்லாம, ஒரே நாள்ல 42 கிலோ தேயிலை வந்து நிக்குது. தண்ணின்னு கழிச்சது தூளா வருது. கர்த்தர் தண்ணியைத் திராட்சை ரசமாக்கினார்னு படிச்சிருக்கோம். இங்க தண்ணி பீ.ஓ.பீ. தேயிலைத் தூள் ஆகுது!

நான் நியாயமாவே பேசிருறேன். மழை நாள்ல தண்ணி கழிக்கணும், அதுல தப்பில்ல. எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிறதும் பெரிய விஞ்ஞானமில்ல. ஈரக் கொழுந்து ஒரு கிலோ எடுங்க, காய்ஞ்ச துணியில சுருட்டி ஒத்தி எடுங்க, திரும்ப நிறுங்க. 100 கிராம் குறைஞ்சா 10 சதவீதம் தண்ணி. அதைக் கழிங்க. மழைக்கும் 2, வெயிலுக்கும் 2, நனைஞ்ச சாக்குக்கும் காய்ஞ்ச சாக்குக்கும் 2ன்னா, நீங்க தண்ணியையா கழிக்கிறீங்க? வேற எதையோ கழிக்கிறீங்க.

எதைன்னு சொல்றேன். இங்கதான் எதிரணி கொஞ்சம் காதைக் குடுக்கணும்.

கொழுந்து லொறியில ஏறி பெக்டரிக்குப் போகுது. போற வழியிலயே வாடுது, ஈரம் சொட்டுது. மலையில நிறுத்த எடை பெக்டரியில நிக்காது. டீமேக்கர் குறைவுன்னு எழுதுவார். பெரிய துரை, மலை வேலையைப் பார்க்கிற கண்டக்டரைக் கூப்பிட்டு ஏன் குறைஞ்சதுன்னு கேட்பார். "ஐயா, இலை வாடினா எடை குறையும்"னு ஒரு வார்த்தை சொன்னா விஷயம் முடிஞ்சுது. கண்டக்டருக்குச் சொல்லப் பயம். அவர் என்ன செய்யறார்? கணக்கப்பிள்ளையை ஏசுறார். கணக்கப்பிள்ளைக்கு எதிர்த்துக் கேட்கப் பயம். அவர் என்ன செய்யறார்? எதுக்கு வம்புன்னு முன்கூட்டியே ரெண்டு கிலோ கழிச்சு வச்சிடுறார். துரைக்கு மேல கொழும்புல கம்பெனி இருக்கு, அவருக்கும் ஒரு பயம் இருக்கும். பயம் மலை உச்சியில இருந்து கான் வழியா இறங்கி இறங்கி, கடைசியில தலையில கயிறு மாட்டிக்கிட்டு நிக்கிற ஒருத்தி சாக்குல வந்து விழுது. நடுவர் ஐயா, பயத்துக்கு எடை இருக்கா? இருக்கு. நிறுத்தாச்சு. மூணு வேளைக்கும் சேர்த்து 4 கிலோ 800 கிராம்.

அடங்கிப் போறவங்க தங்களுக்கு மட்டும்தான் நஷ்டம்னு நினைச்சுக்கிறாங்க. "நான் வாயை மூடிக்கிட்டிருந்தா உனக்கென்ன?"ன்னு கேட்கிறாங்க. கண்டக்டர் வாயை மூடினதுக்கு யார் பணம் கட்டினது? கண்டக்டரா?

சரி. இப்ப எதிரணித் தலைவர், நம்ம சேர், அடிச்ச கிண்டலுக்கு வர்றேன். நீங்களெல்லாம் விசில் அடிச்ச கிண்டல். சேர் சொன்னார்: "நுணலும் தன் வாயால் கெடும். அந்தப் பக்கம் மூணு நுணல் உட்கார்ந்திருக்கு. ராத்திரி 9 மணிக்கு மைக் கிடைச்சா கத்தும். காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல துரையைக் கண்டா, சலாங்க தொரை!"

சேர், நன்றி. தவளைன்னு சொன்னதுக்கு மனசார நன்றி. தவளையைப் பத்திக் கொஞ்சம் பேசுவோமா?

முதல் விஷயம். அந்தப் பழமொழியில வர்ற தவளை எங்க இருக்கு? மணலுக்குள்ள முங்கி, யாருக்கும் தெரியாம ஒளிஞ்சு கிடக்குது. அது கெட்டது வாயாலயா, ஒளிஞ்சதாலயா? வெளிய நாலு தவளையோட நின்னு கத்தியிருந்தா, பாம்பு எதைப் பிடிக்கிறதுன்னு முழிச்சிருக்கும். ஒத்தையில ஒளிஞ்சுக்கிட்டு, அடக்க முடியாம ஒரு நாள் கத்திடுச்சு, மாட்டிக்கிச்சு. மழை விட்ட ராத்திரி நம்ம ஓடைப் பக்கம் போய் நில்லுங்க. நூறு தவளை ஒரே நேரத்துல கத்துது. கையில டோர்ச் வச்சிருக்கிற மனுசனாலயே ஒண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. கத்துற கூட்டம் பெரிசாகப் பெரிசாக ஒவ்வொரு தவளைக்கும் ஆபத்து குறையும். உயிரியல் படிச்சவங்க சொல்ற சங்கதி இது. இதைத்தான் நம்ம பெரியவங்க சங்கம்னு சொன்னாங்க. சந்தாவை மட்டும் வெட்டிக்கிட்டு சத்தமே போடாத சங்கத்தைச் சொல்லல. கத்துற சங்கத்தைச் சொல்றேன்.

ரெண்டாவது. தவளையில பெரும்பாலும் ஆண்தான் கத்தும். எதுக்கு? பொண்ணு பார்க்க! வாய் திறக்காத தவளைக்குக் கல்யாணம் இல்ல, குடும்பம் இல்ல, பிள்ளை இல்ல. சேர் வீட்டு டீச்சர் முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க. டீச்சர், ஒரு கேள்வி. சேர் அந்தக் காலத்துல உங்ககிட்ட வாயைத் திறந்தாரா, இல்ல அடங்கியே இருந்தாரா? சிரிக்கிறாங்க. பதில் வந்திருச்சு. கத்த வேண்டிய நேரத்துல கத்தினதாலதான் சேர், உங்களுக்கு வீட்டுல சூடா ஒரு பிளேன்டீ கிடைக்குது.

மூணாவது. நம்ம சிவனொளிபாதமலைக் காட்டுல ஒரு மரத்தவளை. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, நட்சத்திரம் தெளிச்ச மாதிரி. 1853ல அதைப் பத்தி எழுதி வச்சாங்க. அதுக்கப்புறம் 150 வருஷத்துக்கு மேல யார் கண்ணுலயும் படல. அழிஞ்சுபோன இனம்னு பட்டியல்ல போட்டாச்சு. 2009ல ஆராய்ச்சிக்குப் போனவங்க கண்ணு முன்னாடி அது உட்கார்ந்திருக்கு! இருந்துக்கிட்டேதான் இருந்திருக்கு. பட்டியல்லதான் இல்ல.

உயிரோட இருக்கும்போதே பட்டியல்ல இருந்து எடுக்கப்பட்ட இன்னொரு கூட்டத்தை உங்களுக்குத் தெரியும். 1947 தேர்தல்ல வாக்குப் போட்டு ஆள் அனுப்பின சனம். 1948ல பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் வாக்குரிமை போச்சு. இந்த மண்ணுல காப்பிக்கும் தேயிலைக்கும் எருவான சனம், மலையில இருந்துக்கிட்டே பட்டியல்ல இல்லாமப் போச்சு. 1964ல இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டுப் பிரதமர்கள் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம்னு பிரிச்சாங்க. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டாங்க. கொழுந்தை நிறுத்துப் பிரிக்கிற மாதிரி சனத்தைப் பிரிச்சாங்க. கடைசிக் கணக்கு தீர்ந்தது 2003ல வந்த சட்டத்தோட. 55 வருஷம்.

சேர் கேட்பார்: "அப்ப நம்ம ஆளுங்க சும்மாவா இருந்தாங்க?" இல்ல சேர். 1952ல சத்தியாக்கிரகம் இருந்தாங்க. நான் கேட்கிறது வேற. மத்தவங்க என்ன செஞ்சாங்க? சொந்தக் கட்சியே அரசாங்கத்தோட போய் உட்கார்ந்தப்ப, அது சரியில்லன்னு தமிழ்த் தலைவர் செல்வநாயகம் வெளிய வந்து 1949ல தனிக்கட்சி தொடங்கினார். அவரோட வந்தவங்க கொஞ்சப் பேர். மிச்சப் பேர், "தோட்டக்காட்டான் பிரச்சினைதானே, நமக்கென்ன?"ன்னு இருந்தாங்க. 1956ல சிங்களம் மட்டும்னு மொழிச் சட்டம் வந்தது. அது தோட்டக்காட்டான் வீடு எது, மத்தவன் வீடு எதுன்னு பார்த்தா கதவைத் தட்டினது?

தவளையை விட்டுட்டு எங்கயோ போயிட்டேன்னு நடுவர் ஐயா முழிக்கிறார். திரும்ப வர்றேன். சேர் சொன்ன கிண்டலோட மறுபாதி, "சலாங்க தொரை." சலாம் போடுறதுல என்ன சேர் தப்பு? பெரியவங்களைக் கண்டா கும்பிடுற சனம் நாம. சலாம் மரியாதை, பயம் வேற. வெளியாள் யாரும் துரை அனுமதி இல்லாம தோட்டத்துக்குள்ள கால் வைக்க முடியாத காலத்துல, தஞ்சாவூர்ப் பக்கத்து மனுசன் நடேசய்யர் புடவை வியாபாரி மாதிரி லயத்துக்குள்ள போனார். வாசல்ல சலாம் போட்டிருப்பாரா, மாட்டாரா? போட்டுட்டு உள்ள போய் நம்ம சனம் வாழ்ற வாழ்க்கையைப் பார்த்தார். 1931ல சங்கம் கட்டினார். அவர் மனைவி மீனாட்சி அம்மை மேடைமேடையாப் பாட்டுப் பாடினாங்க. பேச்சுக்கு வராத சனம் பாட்டுக்கு வரும்னு அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு.

அதுக்கு முன்னாடி என்ன நிலைமை? 1865 சட்டப்படி, சொல்லாம வேலையை விட்டுப் போறது குற்றம், சிறை. வேற தோட்டத்துக்கு மாறணும்னா கடன் எவ்வளவுன்னு எழுதின துண்டு வேணும். அந்தத் துண்டு முறை ஒழிஞ்சது 1921ல. அது எப்படி ஒழிஞ்சது? அடங்கி இருந்தா தானா ஒழியும்னா, வந்த மறுவருஷமே ஒழிஞ்சிருக்கணும். நம்மளை விட அடங்கினவங்க யார் இருந்தாங்க?

"200 வருஷம் அடங்கி இருந்துதான் பிழைச்சோம்"னு எதிரணித் தங்கச்சி சொன்னாங்க. நல்லாப் பேசுற தங்கச்சி, அடுத்த வருஷம் எங்க அணிக்கு வந்திருங்க. ஆனா அந்தக் கணக்கு தப்பு. 1000 ரூபா நாள் சம்பளம் 2021 மார்ச்ல வர்த்தமானியில வந்தது. அதுக்கு முன்னாடி, 2018 ஒக்டோபர்ல, கொழும்புல கடையிலயும் கட்டட வேலையிலயும் இருந்த நம்ம பிள்ளைங்க கறுப்புச் சட்டை போட்டுக் காலிமுகத்திடல்ல நின்னதை மறந்துட்டீங்களா? ஒருநாள் சம்பளம் போகும்னு தெரிஞ்சு வந்தாங்க. கடை முதலாளி ஏசுவான்னு தெரிஞ்சும் வந்தாங்க.

முதல் மணி அடிச்சிருச்சு. 5 நிமிஷம் இருக்கு. தவளைக்கு 8 நிமிஷம் கொடுத்துட்டேன், எல்லாம் சேரால.

தவளையைப் பத்தி இன்னும் ஒண்ணே ஒண்ணு. ராக்காவல் காக்கிற தாத்தாமாருக்கு இது தெரியும். தவளை கத்துற வரைக்கும் பயமில்ல. கத்திக்கிட்டே இருந்த தவளை திடீர்னு நின்னா, யாரோ வர்றான். ஓடையும் அப்படித்தான். அடைமழை பெய்யும்போது ஓடைத் தண்ணி கூடணும். கூடாம திடீர்னு குறைஞ்சா, சத்தம் அடங்கினா, மேல எங்கயோ மண்ணு இறங்கி அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். நிலத்துல புது வெடிப்பு, சாயுற மரம், சாத்த முடியாம இறுகுற கதவு, புதுசா ஊத்தெடுக்கிற கலங்கல் தண்ணி, இதெல்லாம் மலை நமக்குச் சொல்ற சேதி. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீற்றர் பெய்ஞ்சா கவனம், 100ன்னா ஆயத்தம், 150ன்னா வெளியேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற அளவு. அளக்க ஒரு நேர்ப்போத்தலும் அடிமட்டமும் போதும். வாய் அகலமான போத்தலாப் பார்த்து எடுங்க, வாயும் அடியும் ஒரே அகலமா இருக்கணும், இல்லன்னா அளவு பிழைக்கும்.

அளந்தவன் என்ன செய்யணும்? சொல்லணும். பக்கத்துக் காம்பராவுக்குச் சொல்லணும், பணிய லயத்துக்குச் சொல்லணும், இடர் முகாமைத்துவ நிலையத்தோட 117க்கு அடிக்கணும். "நான் சொல்லி, மண்ணு சரியாமப் போச்சுன்னா சிரிப்பாங்களே"ன்னு இருக்கிறான் பாருங்க, அந்தக் கூச்சம்தான் சபையோரே நம்ம தலைப்பு. கொஸ்லந்தை மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29, காலையில, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், மலை சரிஞ்சு லயத்தை மூடிருச்சு. அந்த இடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் எச்சரிச்சிருந்தாங்க. எச்சரிக்கை காகிதத்துல இருந்தது. செத்துப்போன சனத்து மேல நான் ஒரு சொல் பழி போட மாட்டேன். போக இடம் இல்லாதவன் எங்க போவான்? ஆனா அந்தக் காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு, மாசாமாசம் போய் மேசையைத் தட்டியிருக்க வேண்டிய படிச்சவங்க, பதவியில இருந்தவங்க எத்தனை பேர்? வரணும், நிக்கணும், கேட்கணும். அவங்க அடக்கத்துக்கு லயத்துல இருந்தவங்க மண்ணுக்குள்ள போனாங்க.

குளவிக் கூட்டை விட்டுட்டேன் பாருங்க. நேத்து ஒருத்தி தேயிலை நிரையில கூட்டைப் பார்த்தா. சொன்னா அந்த நிரையை விட வேண்டி வரும், கிலோ குறையும்னு சொல்லாம விலகி எடுத்துட்டுப் போனா. இன்னைக்கு அந்த நிரைக்கு வர்றது வேற ஒருத்தி. இதுக்கு மேல நான் சொல்லணுமா?

எதிரணி கேட்கலாம், "பேசு பேசுன்னா எப்படிப் பேசறது? பேசினா வேலை போகாதா?"ன்னு. பேசத் தெரியாமப் பேசினா போகும். கோவத்துல தனியாப் போய்க் கத்தினா, மறுநாள் அவன் குடிச்சிருந்தான்னு எழுதிருவாங்க. நிறுவைக்கு முன்னாடி முள்ளு சைபர்ல நிக்குதான்னு பாருங்க. தராசுல அந்த வருஷத்து முத்திரை இருக்கான்னு பாருங்க. வருஷா வருஷம் முத்திரை குத்தணும்னு சட்டம் இருக்கு. மூணு நிறுவையையும் சொந்தக் கொப்பியில திகதி போட்டு எழுதுங்க. அம்மாவுக்கு எழுத வராதா? ஆறாம் வகுப்புப் பிள்ளை ராத்திரி கேட்டு எழுதட்டும். மாசக் கடைசியில சம்பளத் துண்டோட ஒப்பிடுங்க. பேர் குறைஞ்சா மூணு பேராப் போங்க, கடுதாசியாக் குடுங்க, பிரதியில கையெழுத்தும் திகதியும் வாங்குங்க. கேட்கலன்னா அந்தப் பிரதியோட தொழில் திணைக்களத்துக்குப் போங்க. நம்ம ஆளுங்க அங்க போய்த் தோத்த இடமெல்லாம் பார்த்தா, நியாயம் இல்லாம தோக்கல. திகதி இல்லாம தோத்தாங்க.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. நடுவர் ஐயா, 2 நிமிஷம். சாக்குக் கதையை முடிக்காம இறங்கினா இந்த அம்மாமார் என்னை விட மாட்டாங்க.

அந்த அக்கா வெறுஞ் சாக்கை மாட்டினா. 400 கிராம். அப்ப அவளுக்குப் பின்னாடி வரிசையில 39 பேர் நின்னாங்க. அந்த 39 பேரும் என்ன செஞ்சாங்க? ஒருத்தி தலைத்துண்டை அவுத்துத் திரும்பக் கட்டினா. ஒருத்தி இடுப்புல கட்டின படங்கைச் சரிபண்ணினா. ஒருத்தி குனிஞ்சு கால்ல அட்டை தேடினா. ஒரு வாரமா மழை இல்ல, ஏது அட்டை? சாக்கைப் பிழிஞ்சு சோறாக்கிறேன்னு மெதுவாப் பேசினவ இப்ப மலையைப் பார்த்துக்கிட்டு நின்னா. வரிசையில மூத்தவ ஒரு கிழவி. அவதான், "சும்மா இரு புள்ள, பொழுது போகுது"ன்னா.

மறுநாள் பெரட்டுல அக்கா பேரைக் கடைசியாக் கூப்பிட்டாங்க. ஆத்தோரம் தூரத்து மலை. கவ்வாத்து வெட்டி வருஷம் போன மலை, வளராம நின்னுபோன வங்கிக் கொழுந்துதான் நிறைய. ஒரு வாரம் அங்கயே. அரைப்பேர், அரைப்பேர், அரைப்பேர். நான் பொய் சொல்லல, வாய் திறந்தா விலை இருக்கு. முல்லோயாவுல 1940ல சம்பளம் கேட்டுப் போராடின கூட்டத்துல கோவிந்தன் கொடுத்தது உயிர். டெவன் தோட்டத்துல 1977ல காணி பறிபோகுதேன்னு நின்ன சிவனு லெட்சுமணன் கொடுத்தது உயிர். அவங்க பேரை யாராலயும் அரைப்பேர் ஆக்க முடியல.

எட்டாவது நாள் சாயங்காலம் அக்கா ஆத்தோரத்துல இருந்து ஏறி வர்றா. நிறுவை முடியிற நேரம். வரிசை போயிருக்கும்னு நினைச்சு வர்றா. போகல. 39 பேரும் நிக்கிறாங்க. கிழவி முன்னாடி நிக்கிறா, அவளுக்குப் பின்னாடி ஒரு ஆள் இடம் விட்டு வச்சிருக்கு. அக்கா அந்த இடத்துல வந்து நின்னா. யாரும் ஒண்ணும் பேசல.

கிழவி கொழுந்தைக் கொட்டினா. சாக்கை உதறினா. கை நடுங்குது, மடிக்க வரல, அப்படியே சுருட்டிக் கொக்கியில மாட்டினா. முள்ளு ஆடி நின்னுச்சு. 400 கிராம். கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. அவளுக்கு அந்த வருஷத்தோட சர்வீஸ் முடியுது. 38 வருஷம். அதுல ஒருநாள்கூட அந்த முள்ளை அவ நிமிர்ந்து பார்த்ததில்ல.

கணக்கப்பிள்ளையைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. கோவமில்ல, சாதாரணமாக் கேட்டா.

"அப்ப 38 வருசத்துக்கு எவ்வளவுங்கய்யா?"

கணக்கப்பிள்ளை பதில் சொல்லல. நடுவர் ஐயா, நீங்க கூட்டிச் சொல்லுங்க. வணக்கம்.